மணிக்கொரு தரம்

— கிட்ட வாங்கம்மா. கதையெல்லாம் அப்புறம் கேக்கறேன், இப்ப நடந்ததை மட்டும் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் தலையில யாரு துணி கட்டினது?

— துணியா? சத்தியமா இல்ல சிஸ்டர்.

— நெத்தியில நூல் தடம் பதிஞ்சிருக்கு. புத்துநோய்க் கட்டியை வெட்டினதுல மண்டையோடு வெறுமனே கிடந்துச்சு. முதுகுச் சதையை எடுத்து அதுமேல வச்சு, காதோரத்து ரத்தக்குழாயோட சேத்துத் தைச்சிருக்காங்க. எதுவும் அழுத்தக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! இப்பப் பாருங்க, கத்திரிக்கா நிறமாயிடுச்சு.

— நான்தான் கட்டினேன். மக கைக்குழந்தையோட வரேன்னா. "என் மண்டையைப் பாத்தா பேத்தி அலறிடுவா, கட்டிவிடுடி"ன்னார். நாப்பது வருசமா ஊர்த் தலைக்கெல்லாம் முடி வெட்டி அழகு பண்ணின மனுசன் சிஸ்டர். தன் தலையில வந்ததை மட்டும் மருன்னு சொல்லி, தொப்பி போட்டே மறைச்சார்.

— எவ்வளவு நேரம் கட்டியிருந்தீங்க?

— அரை மணி. சத்தியமா அரை மணிதான்.

— உங்க சத்தியத்தை மடியிலயே வச்சுக்கங்க. டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார். இப்பத்தான் ரத்தம் நின்னுதுன்னா குழாயைத் திறந்து ஓட விடலாம். நேரம் தாண்டிடுச்சுன்னா இதை எடுத்துட்டு, முதுகுல அடுத்த பக்கம் கை வைக்கணும். செத்த சதையை உயிரோட இருக்குன்னு நம்பி விட்டா, அழுகி எலும்புல இறங்கிடும்மா. ஆள் மிஞ்ச மாட்டார்.

— ஆறு மணிக்குக் கட்டினேன்.

— இப்ப பதினொண்ணு!

— மக இந்தா வரேன், அந்தா வரேன்னா. இன்னும் வரல. இப்பத்தான் அவிழ்த்தேன்.

— ஏழு, எட்டு, ஒன்பது, பத்து... மணிக்கொரு தரம் நான் வந்தேனே?

— வாசல்ல நின்னு எட்டிப் பாத்தீங்க. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து விட்டுட்டு, இப்பத்தான் கண்ணசந்தார்னு சொன்னேன். பாவம் தூங்கட்டும்னுட்டு, சார்ட்ல ஏதோ எழுதிட்டுப் போயிட்டீங்க. நாலு தடவையும்.

— நகருங்க, டாக்டருக்குப் போன் போடணும்.

— அரை மணின்னே சொல்லிடுங்க தாயி. எனக்கும் பழி வராது, உங்களுக்கும் வேலை போகாது. உங்க வீடு வாசல் நல்லா இருக்கும், பிள்ளைகுட்டி ஒரு குறையுமில்லாம வாழும்.

— கொஞ்சம் சும்மா இருங்கம்மா. ஹலோ, டாக்டர்? மூணாம் ரூம். சதை கறுத்துடுச்சு. துணி கட்டி அஞ்சு மணி நேரமாச்சு. ஆமா, பத்து மணிக்குக் கூட நிறம் சரி, சூடு சரின்னுதான் சார்ட்ல இருக்கு. அதை நம்பாதீங்க டாக்டர். தொட்டே பாக்காம நான் எழுதினது.