நாற்பத்து மூன்றாவது கையெழுத்துக்கான இடம்

கூட்டத்தின் மனத்தைக் கூர்ந்து கண்டவரே! கோபம் பிறக்கும் இடம் தேடித் தெருத்தெருவாய் நடந்தவரே! சமூக உளவியல் துறையின் தலைவியாய் எங்களைத் தாங்கி, இன்று விடைபெறும் அம்மையீர்! வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள்! ஊர்வலம் போன மறுநாள் காலை, மேடையில் முழங்கியவர்களை விட்டுவிட்டு, கொடி பிடித்துக் கை காய்த்தவர்களைத் தேடிப் போவீர்கள். 'நான்' எப்போது 'நாங்கள்' ஆகிறது, ஒருவருக்கு நேர்ந்த அவமானம் எப்படி ஆயிரம் பேரின் ஆத்திரமாகி அரசியலாய்த் தெருவுக்கு வருகிறது என்றறிய எல்லாரிடமும் இரண்டே கேள்விகள் கேட்பீர்கள்: "என்ன கோபம்? யாரு சொன்னாங்க?" அந்தப் பதில்களைக் குறித்தவர்கள் களப்பணிப் பிரிவினராகிய நாங்கள், அட்டவணை போட்டவர்களும் நாங்கள். ஆகவே எல்லாம் தெரியும் என்றிருந்தோம். என்ன இறுமாப்பு!

சென்ற ஆண்டு, எட்டாண்டு உழைப்பில் மக்களின் பதில்களைக் குறித்துச் சேர்த்த வினாத்தாள்களைக் காணவில்லை. கணினிப் பிரிவின் தட்டச்சர் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார் என்று காலையில் ஒரு பேச்சு கிளம்பியது. பதினோரு மணிக்கு அது செய்தி. பன்னிரண்டுக்கு அது உண்மை. "நம்ம உழைப்பு" என்றோம், "அவங்க பிரிவு" என்றோம். நேற்றுவரை அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட நாங்கள் கருப்புப் பட்டை குத்திக்கொண்டு, அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் மனுவில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டு, தலைவியாகிய தங்கள் அறை வாசலில் கோஷம் போட்டோம். அவர் கணினிக்கு உறை போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாராம்.

தாங்கள் நோட்டும் பேனாவுமாய் வெளியே வந்து படியில் அமர்ந்தீர்கள். ஒவ்வொருவரிடமும் அதே இரண்டு கேள்விகள்! அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று பதில் எங்களுக்குள்ளேயே சுற்றி வந்ததே தவிர, கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. மாலையில் தாள்கள் மாடிப் பரணில் கிடைத்தன. சுவருக்கு வண்ணம் அடித்தபோது எங்களில் நால்வர்தாம் அவற்றைச் சுமந்து ஏற்றியிருந்தார்கள். அந்த நால்வரும் மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள்! ஐயோ அம்மையீர், அந்த அதிர்ச்சி இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

தாங்கள் திட்டியிருந்தால் ஆறியிருப்போம். "கூட்டத்தோட கோபத்தப் பத்தின என் புத்தகத்துக்கு நீங்கதானே பிழை பார்த்தீங்க. அதுல வர்ற ஜனங்க வேற யாரோன்னு நெனச்சீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். மனுவைக் கிழிக்காமல், எண்ணிட்டு, மற்ற வினாத்தாள்களோடு சேர்த்துக் கட்டினீர்கள்.

ஆய்வின் அரசியே! முழங்கால் வலி தீர்ந்து, தெருக்களில் தேய்ந்த அந்தச் செருப்புகள் இனிப் பூங்காவுக்கு மட்டும் போய்வர, தாங்கள் நெடுங்காலம் நலமாய் வாழ வேண்டுகிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். இம்மடலை அச்சிட்டுத் தந்தவர் அதே தட்டச்சர். "டைப் பண்ணித் தரேன் சார். கையெழுத்து மட்டும் இப்போ கேக்காதீங்க" என்றார். ஆகவே கீழே ஓரிடம் வெறுமையாய் இருக்கிறது. இம்மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் ஆணி அடிக்காமல் கொக்கி போட்டிருக்கிறோம். என்றாவது அவர் தங்கள் வீட்டுக்கு வந்து கேட்டால், திறந்து கொடுங்கள்.

இங்ஙனம்,
இம்முறை படித்துப் பார்த்தபின் கையெழுத்திட்ட
நாற்பத்திரண்டு பேர்