கரையைத் தொட்ட கை

சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

முதலில் ஒரு சிறு திருத்தம். உங்கள் கடிதத்தில் என் தங்கையின் வயது முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறீர்கள். நீந்திய அன்று அவளுக்கு முப்பத்தேழு வயது, பதினோரு மாதம். சின்ன விஷயம்தான். ஆனால் அடுத்த வரியிலும் கோட்டை விட்டிருக்கிறீர்கள்: "நீந்தியவர் படகைப் பிடித்ததால், ஐந்தாவது நீரிணையைக் கடந்ததாகக் கொள்ள இயலாது."

அவள் படகைப் பிடிக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

அவள் ஒன்பது வயதில் பள்ளிக்கூடத் தொட்டியில் நீந்தத் தொடங்கினாள். எனக்குப் பதினாறு. அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்று நேரம் குறிப்பேன். அன்று தொடங்கிய நோட்டு, இப்போது இருபத்திரண்டு நோட்டாகிவிட்டது. பதினேழாவது வயதில் ஆற்றுப் போட்டியில் பத்து கிலோமீட்டர் நீந்தி முதலில் வந்தாள். பிறகு கடல். நீங்கள் பட்டியலிட்ட ஐந்து நீரிணைகளில் நான்கை முடித்தாள். ஐந்தையும் முடித்தவர்களின் பெயர்கள் உங்கள் அலுவலகக் கூடத்தில் பித்தளைத் தகடுகளாக இருக்கின்றன. மொத்தம் எட்டு. ஒன்பதாவது எங்கே வரும் என்று நான் பார்த்துவைத்திருக்கிறேன்.

கடலில் நீந்துவது அழகான காரியம் என்று படத்தில் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். கிட்டத்தில் இருந்தால் குமட்டும். குளிருக்காகவும் உராய்வுக்காகவும் ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த மஞ்சள் மசகை உடம்பெல்லாம் அப்ப வேண்டும். நனைந்த மிருகத்தின் வாடை அதற்கு. அக்குள், கழுத்து, தொடை இடுக்கு என்று பூசிவிடுவது என் வேலை. நான் சுத்தம் பார்க்கிறவன். ரப்பர் கையுறை போட்டுக்கொள்வேன்.

"ஏண்ணா, நான் என்ன செத்த எலியா? ரெண்டு உறை மாட்டியிருக்க," என்பாள்.

"வாத்து, வாயை மூடிட்டுத் திரும்பு," என்பேன். சின்ன வயதிலிருந்தே அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவேன்.

எட்டு மணி நேரம் போனதும் உப்பில் ஊறி நாக்கு தடித்துவிடும். குடித்த சர்க்கரைத் தண்ணீரை அப்படியே கக்குவாள். அது மிதந்து வந்து படகில் ஒட்டும். இருபது வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். முகம் சுளித்ததை அவளுக்குக் காட்டியதில்லை.

விதிகள் உங்களுக்குத் தெரிந்தவை. நீந்துகிறவரை ஆள் தொடக்கூடாது. நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது. எட்டடிக் கழியின் நுனியில் கிண்ணத்தை மாட்டி நீட்ட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நீட்டும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். குளிர் மூளைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க அவளே சொன்ன ஏற்பாடு அது. "ரெண்டு தடவை தப்பா சொன்னா தூக்கிடுண்ணா. வேணாம்னு கத்தினாலும் கேக்காத, தூக்கிடு."

மூன்றாவது நீரிணையில், முதல் முயற்சியில் அப்படித் தூக்கினேன். கரைக்கு அரை கிலோமீட்டர் பாக்கி. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "இன்னும் கொஞ்சம் விட்டுப் பாத்திருக்கலாமேண்ணா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். பிந்திய ஏற்பாடு முந்தியதை ரத்து செய்யும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

நான்காவதை முடித்ததும், "போதும்ணா. பசங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்துட்டு இருந்துடறேன்," என்றாள். களைப்பில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்தாவதற்கான விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். கையெழுத்து அவளுடையது.

அன்று காலை ஐந்து பத்துக்குத் தண்ணீரில் இறங்கினாள். படகில் மூன்று பேர். நான், படகுக்காரர், நீங்கள் அனுப்பிய கண்காணிப்பாளர் அம்மாள். அந்த அம்மாள் நாலாவது மணியிலேயே வாந்தி வாளியைக் கட்டிக்கொண்டு கீழே படுத்துவிட்டார். அவர் எழுத வேண்டிய பதிவேடு என் கைக்கு வந்தது. படகுக்காரர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவித்த முட்டையை உரித்துத் தின்றார். அந்த வாளியும் அந்த முட்டையும் ஒரே காற்றில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதினோராவது மணியில், "பள்ளிக்கூடத்துல உன் வரிசை எண் என்ன?" என்று கேட்டேன்.

"அம்மா எங்க?" என்றாள். அம்மா இறந்து பதினாலு வருடம் ஆகிறது.

பதிவேட்டில் "பதினேழு, சரி" என்று எழுதினேன்.

அடுத்த முறை, "என் சட்டை என்ன நிறம்?"

"தூக்கம் வருது. கதவைச் சாத்து."

"நீலம், சரி" என்று எழுதினேன். அதற்கடுத்த முறை பதிலே வரவில்லை. அதற்கும் சரி என்றே போட்டேன். பதிவேடு உங்களிடம் இருக்கிறது. கையெழுத்து கடைசிவரை ஒரே சீராக இருப்பதைக் கவனியுங்கள்.

பதின்மூன்றாவது மணியில் தெளிவு வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. என்னை நேராகப் பார்த்து, "அண்ணா, தூக்கிடு," என்றாள்.

"இன்னும் கொஞ்சம்தான் வாத்து," என்றேன். பொய் இல்லை. எழுநூறு மீட்டர்தான்.

அவள் படகை நோக்கிக் கையை நீட்டினாள். வெளுத்து, ஊறி, சுருங்கி, நகத்தைச் சுற்றி மசகு திரண்டிருந்த கை. அதைக் கையால் தள்ளினால் ஆள் தொட்டதாகிவிடும். தவிர, அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கழியின் ரப்பர் முனையை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினேன். இரண்டாம் முறை நீட்டினாள். தள்ளினேன். மூன்றாம் முறை கழியையே பற்றிக்கொள்ளப் பார்த்தாள். கிண்ணம் இல்லாத கழியைப் பிடித்தால் அது ஆதரவாகிவிடும். சுண்டி இழுத்துக்கொண்டேன். மூன்று தடவையும் கைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அளவில் நான் பிழை விடுகிறவன் அல்ல.

"சார், அந்தப் பொண்ணு கையை நீட்டுதே. என்ன பண்றீங்க அங்க?" என்றார் படகுக்காரர்.

"சாப்பாடு குடுக்கறேன். நீங்க பாறையைப் பாருங்க."

அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கை படகில் பட்ட மாதிரி தெரிந்திருக்கும். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கண்காணிப்பாளர் அறிக்கை எழுதியிருக்கிறார். முட்டை தின்றவர் சொல்ல, வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் எழுதிய அறிக்கை அது.

பிறகு அவள் கை வீசவில்லை. மல்லாந்து மிதந்தாள். சற்று நேரத்தில் அலை அவளைக் குப்புறப் புரட்டியது. "ஓய்வெடுக்கிறா," என்று படகுக்காரரிடம் சொன்னேன். நீரோட்டம் கரைப் பக்கம்தான் இழுத்தது. அந்த நேரத்தில் அது அப்படித்தான் இழுக்கும் என்று முந்தின வாரமே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பாறை இருப்பதால் படகு பின்தங்கியது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு அவள் வலது கை கரைப்பாறையில் பட்டது. பதின்மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். அதற்குப் பிறகுதான் படகுக்காரர் குதித்துப் போய் அவளைத் தொட்டார்.

காவல் நிலையத்தில் பதிவேட்டைக் காட்டினேன். அனுதாபம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்தின் நகல் அவர்களுக்கும் போகிறது. பொய்ப் பதிவு எழுதியவன் நான். தூக்கச் சொன்னவளைத் தள்ளியவன் நான். அதற்கு உரியதை ஏற்றுக்கொள்கிறேன். எனக்குத் தூக்கம் கெடவில்லை. நகக்கண்ணில் அந்த மசகு வாடை மட்டும் எத்தனை சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது.

தகட்டை நானே செய்து வாங்கிவிட்டேன். நீள அகலம் மற்ற எட்டின் அளவுதான். ஒரு வரியில் அவள் பெயர், அடுத்த வரியில் பயிற்சியாளர் என்று என் பெயர். நேரம் மட்டும் பொறிக்க வேண்டும்.

உங்கள் நான்காம் விதி இப்படி இருக்கிறது: "நீந்துபவர் எவருடைய உதவியும் இன்றித் தன் உடலால் கரையைத் தொட வேண்டும்." அவள் தொட்டாள். அப்போது மூச்சு இருந்ததா என்று விதியில் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை.