நெற்றியில் மூன்று மணி நேரம்

வெள்ளித் திருவிழாவுக்குத் தலைமை ஏற்று, இந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் வீற்றிருக்கும் ஊர்ச்சபைத் தலைவர் அமெஸியான் அவர்களே! சுத்தியல் ஓசையில் சோறு கண்ட பட்டறைப் பெருமக்களே! அத்திப்பழம் பறித்த அலுப்போடு வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே! எனாமல்காரி ஊர்தியாவின் வணக்கம்.

எனக்கும் அலுப்புதான். பதினொரு ஆண்டாக இதே மேடை, இதே ஒலிபெருக்கி, இதே பேச்சு. வெள்ளி நம் வேர் என்பேன். பவளம் நம் குருதி என்பேன். நீலம் வானம், பச்சை வயல், மஞ்சள் வெயில் என்பேன். நீங்கள் கைதட்டுவீர்கள். நான் வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்துக்கொள்வேன். இன்று அந்தப் பேச்சுக்கு உடம்பில் தெம்பில்லை. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

இதோ, என் கையில் இருக்கும் இந்தத் தப்ஸிம்த். என் கணவர் அக்லி அடித்த வட்டப் பதக்கம். நிறம் வைத்தவள் நான். மகனைப் பெற்றவளுக்கு இது நெற்றியில் ஏறும். மகளைப் பெற்றவளுக்கு? பெட்டியிலேயே தூங்கும்.

முப்பத்தொரு ஆண்டுக்கு முன், ஒரு காலை. எனக்குத் தலைப்பிரசவம். பெற்ற களைப்பில், என்ன குழந்தை என்று கேட்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டேன். சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டிலும் அன்றைக்கே பிரசவம். மருத்துவச்சி அங்கே ஓடிவிட்டாள். அங்கே பிறந்தது மகன். குலவை எழுந்தது! ஊற்றிலிருந்து குடத்தோடு வந்த என் மாமியார் கேட்டார். குலவை என்றால் மகன். மகன் என்றால் நம் வீட்டில்தான். குழந்தையைப் பார்த்தாரா? இல்லை. பெட்டியைத் திறந்து இதே போன்ற ஒரு பதக்கத்தை எடுத்து, தூங்கும் என் தலைத்துணியில், நெற்றிக்கு நேரே குத்திவிட்டார்.

சிரியுங்கள், பின்வரிசைக்காரர்களே. நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்று மணி நேரம் நான் ராணி. தேன் வந்தது, வெண்ணெய் வந்தது, உறவெல்லாம் வந்தது. வெள்ளியின் பாரத்தில் கழுத்து வலித்தது, ஆனாலும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். பிறகு குழந்தைக்குத் துணி மாற்றினார்கள். பார்த்தால், மகள். மாமியார் அருகில் வந்தார், கோபமே இல்லாமல்.

"தப்பு நடந்துபோச்சும்மா. நெத்தியக் காட்டு, கழட்டிக்கறேன். தேன் இருக்கட்டும், நீயே சாப்பிடு."

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பதக்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அக்லி அடித்தார். அதற்கு நீலம் வைத்தது யார்? இந்தக் கைதான்! எத்தனை நெற்றிகளுக்கு இந்தக் கை நிறம் வைத்தது! ஆனால் அன்று வெள்ளி போனதற்காக நான் அழவில்லை. என் மகள் நுவாரா பிறந்த நேரத்தில் ஒலித்த குலவை, அவளுக்கு உரியதில்லையே என்றுதான் அழுதேன்.

அதே நுவாரா ஒன்பது நாளுக்கு முன் ஒரு மகளைப் பெற்றாள். கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மகனைப் பெற்ற ஸில்யா, பதக்கம் சூட்டிக்கொள்ள முதல் வரிசையில் இருக்கிறாள். சூட்டுவது என் வேலை. நேற்று நுவாராவிடம் கேட்டேன், உன் நெற்றியில் சூட்டிவிடட்டுமா, யார் என்ன சொல்லிவிடுவார்கள் என்று.

"வேணாம்மா, கழுத்து வலிக்கும்," என்றாள். "பாப்பாவுக்கு ஒரு குலவை கிடைச்சாப் போதும்."

தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் காட்ட வேண்டாம். முடித்துவிடுகிறேன்.

தாய்மார்களே! இத்தனை ஆண்டாக உங்களிடம் கூலிக்கு மேல் நான் எதையாவது கேட்டிருக்கிறேனா? இன்று கேட்கிறேன். வெள்ளி வேண்டாம்! பவளம் வேண்டாம்! கைதட்டல் வேண்டவே வேண்டாம்! ஒரு குலவை. அந்தக் கடைசி வரிசைக் குழந்தைக்கு, ஒரே ஒரு குலவை!

யாரும் இல்லையா? இருக்கட்டும். நிற்கிறேன். காத்திருந்து பழகியவள் நான்.

யார் அது? முதல் வரிசையிலிருந்தா? ஸில்யா... மகனை மடியில் போட்டுக்கொண்டு, நீயா முதலில்? அதோ, மரத்தடியிலிருந்து இன்னொன்று. அதோ, இன்னும்! போதும், போதும், நான் பேசி முடிக்க வேண்டாமா?

நுவாரா, குழந்தையைத் தூக்கிப் பிடி. நன்றாகக் கேட்கட்டும். இது பக்கத்து வீட்டுக் குலவை இல்லை.

பதக்கத்தை மேசைமேல் வைக்கிறேன், சூட்டுவதைத் தலைவர் பார்த்துக்கொள்ளட்டும். பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கால் வலிக்கிறது, உட்காருகிறேன். வணக்கம்.