பிளக்கைத் திருப்பிச் சொருகு

வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் வந்தால் முக்கால்வாசி நேரம் பின்னால் ஏதாவது ஒயர் லூசாக இருக்கும். அழுத்திச் சொருகினால் போதும், மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் மைக்கும் அப்படித்தான் கரகரக்கிறது, ஐயா. நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

காசியம்மாள் எப்படிச் செத்தாள் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன், குறுக்கே பேசாதீர்கள்.

அவள் புருஷன் தங்கராசு பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்கிற ஆள். களிமண்ணை அச்சில் அழுத்தி எடுக்கிறவனுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் பேச்சைக் கேட்டால் நெய்வேலியையே இவன்தான் ஓட்டுகிறான் என்று நினைப்பீர்கள்.

அவன் வீட்டு ஆம்ப்ளிஃபயர் நான் அசெம்பிள் செய்து கொடுத்தது, இரும்புப் பெட்டி. ஓயாமல் முனகுகிறது என்று ஜங்ஷன் ரோட்டில் என் கடைக்குத் தூக்கி வந்தான். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். பொங்கலுக்கு முன்னால் மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கடை நிறைய ஆட்கள்.

"டிரான்ஸ்பார்மர்தான் போயிடுச்சு மாணிக்கவேலு. சும்மா நோண்டிக்கினு இருக்காத, அத மாத்து" என்றான்.

"நீ போயி பீங்கான சுடு. எனக்குப் பாடம் எடுக்காத" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு முகம் செத்துப்போனது.

"சிரிங்க, சிரிங்க. இன்னொரு தடவ இந்த செட்டு இங்க திரும்பி வரட்டும், அப்புறம் ஒரு ஆளு உன் கடைப் படி ஏற மாட்டான், பாத்துக்கோ."

செட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதோடு விட்டானா? டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, மாணிக்கவேலுவிடம் கொடுப்பதற்கு மணிமுத்தாற்றில் கடாசிவிட்டுப் போகலாம் என்றானாம். வேப்பூர் பஸ்ஸும் திட்டக்குடி பஸ்ஸும் என் கடை வாசலில்தான் நிற்கும். அதிலிருந்து செட்டும் கையுமாக இறங்குகிறவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி தாண்டி, அடுத்த கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவன் செட்டை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மர்தான் போயிருந்தது. உள்சுற்று வெந்து, பெட்டியில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. புது டிரான்ஸ்ஃபார்மர் டிராயரிலேயே இருந்தது. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவன் மூடியைக் கழற்றிப் பார்க்கிற ரகம். உள்ளே புதுசு மின்னினால் அன்றைக்கே ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவான். அந்தக் களிமண் மண்டையன் சொன்னது சரி என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

பழைய டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டையே முறுக்கி, வார்னிஷ் ஊற்றி, முனகலை நிறுத்தினேன். பெட்டியைத் தொட்டால் மட்டும் லேசாகக் கிர்ரென்றது.

செட் ஷாக் அடித்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகுவோம். ரெண்டு பின் பிளக், எர்த் கிடையாது, அனேகமாக ஷாக் நின்றுவிடும். உங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்வீர்கள். இந்த செட்டில் அது நேர்மாறு. திருப்பிச் சொருகி டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. முழுக் கரண்டும் பெட்டியில் நின்றது. அதனால்தான் அவன் வீட்டுக்கு நானே கொண்டுபோய், சரியான பக்கம் பார்த்துச் சொருகிவிட்டு வந்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து காசியம்மாள் கடைக்கு வந்தாள். நல்ல பெண். புருஷன் கத்திவிட்டுப் போனால், "அவுரு வாயி அப்படித்தாங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று பின்னாலேயே வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

"அண்ணே, வூட்டு செட்டத் தொடைக்கறப்ப கிர்ருனு இழுக்குதுங்க. அவுரு ரப்பர் செருப்பு போட்டுக்கினு தொடறாரு, அவுருக்குத் தெரியல. ஈரத் துணியோட தொட எனக்கு பயமா இருக்குது. எடுத்தாரச் சொல்லட்டுமா?"

எடுத்து வரச் சொல் என்றால் முடிந்தது. ஆனால் எடுத்து வருகிறவன் தங்கராசு. பஸ் நிற்கிற நேரமாகப் பார்த்து வருவான், வாசலில் நின்று கத்துவான்.

ஏதோ ஞாபகத்தில் வாய் தவறிவிட்டது என்று நீங்கள் எழுத வேண்டாம். நிதானமாக யோசித்தேன். அவள் கையில் ஈரத் துணி இருக்கும், காலில் செருப்பு இருக்காது, சிமெண்டுத் தரை. எல்லாவற்றையும் யோசித்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. பிளக்கத் திருப்பிச் சொருகிட்டுத் தொடச்சுக்க, சரியாப் போயிடும்."

"அவ்ளோதானா? இதுக்குப் போயி பயந்துக்கினு இருந்தேன் பாருங்க. போயிட்டு வரேண்ணே" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. கடையைச் சாத்திவிட்டுப் போனேன், மாலை போட்டேன். தங்கராசு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: அதற்குப் பிறகு அந்த செட் என் கடைக்கு ரிப்பேர் என்று திரும்பி வரவே இல்லை.