அம்மிணியின் பாலும் கணினி போட்ட வேலியும்

பால் சங்கத்துக்குத் தலைமை தாங்கும் நேசமணி அவர்களே! கோழி கூவுமுன் தொழுவில் கூடும் தாய்மாரே! காரோடு ஊர் மூத்தோரே, குளத்தூர் உறவுகளே! அனைவருக்கும் சத்யபாமாவின் வணக்கம்.

தலை நிமிர்ந்தே பேசிப் பழகியவள் நான். இன்று தலை குனிந்து நிற்கிறேன்.

போன ஞாயிறு இதே மேடையில், சங்கத்துக்குப் புதிதாய் வந்த கணினியின் தாளைச் செயலாளர் கிருஷ்ணன்குட்டி விரித்தார். "எனக்க பேத்தி ஆர்யா எடுத்துத் தந்ததாக்கும்!" என்று எழுந்து கூவினேன். கூவினேனா இல்லையா? நீ தலையாட்ட வேண்டாம் சிவதாணு, நானே சொல்கிறேன்.

செயலாளர் கடைசிக் கட்டத்தை மட்டும் வாசித்தார். எல்லோர் பாலிலும் கலந்த தண்ணீர் பூஜ்யம். அம்மிணி பாலில் மட்டும் நான்கு! "எலே, அம்மிணி பாலில மீன் பிடிக்கலாம்!" என்றது ஒரு குரல். முதலில் சிரித்தவள் யார்? நான்! மறுநாள் முதல் அவள் பால் நம் சங்கத்துக்கு வராமல், எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போகிறது.

நடந்தது என்ன? சங்கத்தில் மேலேவிளை வீடு இரண்டு உண்டு. அதனால் அம்மிணி வீட்டை மட்டும் 'மேலேவிளை, காரோடு' என்று கமா போட்டு ஊரையும் சேர்த்து எழுதியிருந்தோம். கணக்கை வெளியே எடுக்கையில், கட்டத்துக்குக் கட்டம் எதை வேலியாக வைப்பது என்று நாம் சொல்லாவிட்டால், கணினி தானாகவே கமாவை வைத்துக்கொள்ளுமாம். அவள் வீட்டின் நடுவே வேலி விழுந்தது! காரோடு கொழுப்புக் கட்டத்துக்குப் போனது. கொழுப்பு நான்கு தண்ணீர்க் கட்டத்துக்குப் போனது. தண்ணீர் பூஜ்யம் கட்டத்துக்கே வெளியே போனது. கெட்டிப் பால் கள்ளப் பாலாய்ப் போனது!

"வேற குறி வைக்கணுமான்னு அது கேட்டது அம்மூம்மா. உள்ளதே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று ஆர்யா அழுதாள். இனி கமாவுக்குப் பதில் நேர்கோடு வைப்பாளாம். வைக்கட்டும். ஆனால் கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் இருந்ததே, ஒரு கண்ணாவது பார்த்ததா? இத்தனை வருடம் அந்தப் பாலில் சாயா குடித்த நாக்கு உண்டே, அதைக் கேட்டோமா?

நேற்று அவள் தொழுவத்துக்குப் போனேன். கறப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "சிரிச்சத ஊரு கேட்டுதில்லியா அக்கா? இதையும் ஊரு கேக்கட்டு."

கேளுங்கள்! அம்மிணியின் பாலில் தண்ணீர் இல்லை! அன்றும் இல்லை! என்றும் இல்லை! வெட்கம் அவளுக்கில்லை, நமக்கு!

என்ன அம்மிணி, தூணருகே நின்று கை காட்டுகிறாய்? மைக் கேட்கவில்லையா?

"நல்லா கேக்குது அக்கா. ஒருக்கா கூடிச் சொல்லுங்க."

சொல்கிறேன் மக்கா, நீ போதும் என்னும்வரை சொல்கிறேன். பொறுத்துக் கேட்கப்போகும் சபைக்கு முன்கூட்டியே நன்றி, வணக்கம். அம்மிணியின் பாலில் தண்ணீர் இல்லை!