துரைக்கு ஒரு ஆடாத படகு

— மூக்கை மூடாதீங்க மச்சான். படகுக் கொட்டகைன்னா எலி செத்த நாத்தம்தான். குனிஞ்சு பாருங்க.

— எலிக்கு மூடல, மாப்ளே. உன் பேச்சுதான் நாறுது. துரை சவாரி போறதுக்கு நான் எதுக்குப் படகை மோந்து பாக்கணும்?

— முன்னால உக்காந்து துடுப்புப் போடப் போறது நீங்கதானே.

— அதைச் சொல்லு! அரிசி மூட்டையும் முதுகுமா நின்னவனைக் கை காட்டி, "அந்தத் தோள்காரன் வரட்டும்"னாரு துரை. பக்கத்துல கணக்கு நோட்டோட நின்ன கிராணி யாரு? என் சொந்தத் தங்கச்சி புருஷன். "எஸ் சார்"னு தலையை ஆட்டினியே வாசு, உன் கழுத்துல எலும்பு இருக்கா இல்லையா?

— மாட்டேன்னு நான் சொன்னா, நாளைக்கே துறைமுகத்துல உங்களுக்கு வேலை இருக்குமா?

— போன வருஷம் என்கூட மூட்டை தூக்கின வேலுவும் இப்படித்தான் துரை படகுல முன்னால உக்காரப் போனான். போனவன் போனவன்தான்.

— என்ன லா, கிராணியாரே! மச்சானும் மாப்பிள்ளையும் போடுற சத்தம் வெளியில என் காருக்கே கேக்குது!

— ஒண்ணும் இல்ல, கமாலுதீன் அண்ணே. படகு பாக்கிறோம்.

— சீக்கிரம் பாருங்க லா. துரை என்ன சொன்னாரு? ஜெராம்ல, அதான் அந்தப் பாறைக்கு நடுவுல ஆறு நுரைச்சு விழுற இடத்துல, ஆடாத படகு வேணும்னாரு. காலையில பெர்ரியில ஏத்தி அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குக் கொண்டு போகணும். எதை எடுத்தீங்கன்னு நான் இப்பவே போய்ச் சொல்லணும். இந்தச் சம்பான் எப்படி? அடி தட்டையா, மேசை மாதிரி உக்காந்திருக்கே?

— மேசைதான், டிரைவரே. குளத்துல விட்டா மேசை. ஆத்துல ஒரு பக்கம் சாஞ்சுதோ, அப்புறம் நிக்கவே நிக்காது. அப்படியே குப்புறதான்.

— அல்லா! அப்ப இது?

— இந்த வயிறு உருண்டதா? இதைக் கேளுங்க. கால் வச்சதும் ஆடும், பயமுறுத்தும். ஆனா எவ்வளவு சாஞ்சாலும் தானே நிமிரும். அகலம் இருக்கு, ரெண்டு முனையும் தூக்கியிருக்கு. ரெண்டு பேரு காலை நீட்டி உக்காரலாம். இதான், வேற பேச்சே வேண்டாம்.

— அது வேண்டாம், மச்சான்.

— ஏன்டா வேண்டாம்?

— நாத்தம் தாங்கல. துரை முகத்தைச் சுளிப்பாரு.

— கழுவி விட்டாப் போகுது! பொண்ணு பாக்கவா வந்திருக்கே, வாசனை பாக்கிறியே?

— கமாலுதீன் அண்ணே, வேலு பொணத்தை இதுல போட்டுத்தானே கொண்டு வந்தாங்க?

— மய்யத்து ஏத்தின படகா? வேண்டாம்பா, வேண்டாம்! நான் தொட மாட்டேன்.

— படகு என்ன பண்ணும் டிரைவரே? நீங்கதான் கரையில நின்னு பாத்தீங்களே. ஜெராம் நடுவுல எழுந்து நின்னு போட்டோ எடுத்துக் கவுத்தது படகா, துரையா?

— துரைதான்.

— அவரு நீச்சல்ல கோப்பை வாங்கினவரு, கரையேறிட்டாரு. ஏறினதும் என்ன கேட்டாரு? வேலு எங்கேன்னா?

— கேமரா எங்கேன்னு கேட்டாரு. நாலு ஆளை முங்கித் தேடச் சொன்னாரு. விடு தம்பி, நினைச்சாலே சோறு இறங்காது.

— த்தூ!

— இங்க துப்பாதீங்க மச்சான், துரைங்க கிளப்பு!

— வேற எங்க துப்பறது? இதுக்குன்னே கட்டின இடம் மாதிரிதான் இருக்கு.

— கமாலுதீன் அண்ணே, மேல பாருங்க. உத்தரத்துல தொங்குதே சிவப்பு, ஊருக்குப் போன டாக்டர் துரை விட்டுட்டுப் போனது. இருக்கிறதுலயே ஆடாதது அதுதான்.

— எது, அந்தக் கத்தியா? மாப்ளே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? பாம்பு வயித்தாட்டம் ஒல்லியா இருக்கு. தும்மினாக் கவுந்துரும்!

— பேசாம இருங்க, மச்சான்.

— ஏன் பேசாம இருக்கணும்? சாகப் போறவன் நான்! எனக்கு மூட்டை தூக்கத்தான் தெரியும், நீந்தத் தெரியாது!

— சீமைப் படகு பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? டிரைவர் அண்ணே, இவரு பேச்சைக் கேக்காதீங்க. மூட்டை தூக்குற ஆளு. சிவப்புதான் ஆடாததுன்னு துரைகிட்டச் சொல்லுங்க.

— ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க தலையிலதான் விழும், கிராணியாரே.

— விழட்டும். என் பேரையே சொல்லுங்க.

— அப்ப சரி லா. சொல்லிட்டு லாரியோட வர்றேன். பக்கிரிசாமி தம்பி, மனசைத் தேத்திக்க. சிவப்பு பாக்க அழகாத்தான் இருக்கு.

— போயிட்டாரா?

— கார் சத்தம் காதுல விழலையா? ஏன்டா, நான் மூட்டை தூக்குற ஆளா? உன் கல்யாணப் பந்தலுக்குக் காசு மூட்டை தூக்கினதுலதான்டா வந்துச்சு! உன்னைப் பாத்தாலே குமட்டுது. துரை வீட்டு நாயைக் குளிப்பாட்டிட்டு வந்தியே ஒரு நாள், வேட்டி பூரா நாய் மசுரு. அப்படியே உக்காந்து சோறு தின்னே. அன்னைக்கே என் தங்கச்சி தனலெட்சுமியைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். எனக்குக் கொள்ளி வைக்கவும் துரைகிட்ட லீவு கேட்டுட்டுத்தானே வருவே?

— ஆச்சா? இப்ப அந்த ஏணியில ஏறுங்க.

— எதுக்கு?

— ஏறுங்க. அதைப் பெட்டியிலேருந்து பிரிச்சு அங்க கட்டினதே நான்தான். இன்னும் துரை பாக்கல, டிரைவரும் பாக்கல. கீழே நின்னா வயிறு மட்டும்தான் தெரியும். மேல் பக்கம் கையை விட்டுத் தடவுங்க.

— என்ன இது... பலகை அடிச்சு மூடியிருக்கு.

— முன்னால?

— முன்னாலயும் மூடித்தான் இருக்கு. பெட்டியாட்டம்.

— பின்னால?

— அங்கயும் அப்படித்தான். நடுவுல மட்டும் ஒரு குழி. உள்ள உக்கார ஒரே ஒரு ஆளுக்குத்தான்... மாப்ளே!

— மெல்லப் பேசுங்க.

— ஆத்தங்கரையில இதை இறக்கினதும் துரை உன்னைச் சும்மா விடுவாரா, வாசு?

— அது என் பாடு. இதுல உங்களுக்கு இடம் இல்ல, மச்சான்.