ஒரு மன்னிப்புக்கு நூத்திப்பத்து பதில்

மன்னிப்பைப் பத்திப் பேச வந்துட்டு ஒரு குட்டிக் கதை சொல்லாம போனா எப்படிங்க? கேளுங்க...

திருநெல்வேலியில மரியபுஷ்பம்னு ஒரு நர்ஸ் அம்மா. வயசு ஐம்பத்தி நாலு. அவசரத்துக்கு ரத்தம் தேடி ஜனங்க அலையறதைப் பாத்துப் பாத்து மனசு கேக்காம, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டாங்க. எதுக்கு? ரத்த வகையைத் தட்டுனா, குடுக்கறவங்க பேரும் நம்பரும் வரணும். ரெண்டு மாசம் எழுதினாங்க... ஓடல. புரோகிராம் எழுதறவங்க கூடுற ஒரு ஆன்லைன் குழுவுல, மக்கர் பண்ற பகுதியை மட்டும் போட்டுக் கேட்டாங்க, "எங்க தப்புன்னு சொல்லுங்களேன் தம்பிகளா."

அங்க நல்லசிவன்னு ஒரு பெரிய கை. சாப்பாட்டு நேரம்... ஒரு கையில சாம்பார் சாதம், ஒரு கையில போன். தட்டினாரு: "இது அடிப்படை. முதல்ல படிச்சுட்டு வாங்க." கீழ ஒரு பாடத்தோட லிங்க். அவர் நினைப்புல அது உதவிங்க! அந்தம்மா காதுல எப்படி விழுந்துச்சு? 'உனக்கெல்லாம் எதுக்கு இது'ன்னு விழுந்துச்சு. ஆள் அப்புறம் வரவே இல்ல.

மூணு நாள் கழிச்சு யாரோ சொன்னாங்க, "அண்ணே, அந்தம்மாவுக்கு நீங்க சொன்னது கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு." பதறிட்டாரு மனுஷன். குழுவுல அறிக்கை: "எனது பதில் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்."

ஆரம்பிச்சுதய்யா! ஒருத்தர், "அதென்ன 'இருந்தால்'? சந்தேகமா உங்களுக்கு?" இன்னொருத்தர், பழைய கேள்வி திரும்ப வந்தா மூடிடற குழுப் பழக்கத்துல, "இதே மன்னிப்பு போன வருஷமே வந்தாச்சு, இதை மூடுங்க." மூணாவது ஆளு, "மன்னிப்பு கேக்கற விதிமுறையை முதல்ல படிச்சுட்டு வாங்க!" நூத்திப்பத்து பதில்... அந்தம்மா கேட்ட கேள்விக்கு? ஒண்ணுகூட இல்ல!

அப்பதான் நல்லசிவனுக்கு உறைச்சுது. அந்தம்மாவுக்கே நேரா எழுதினாரு: "அம்மா, உங்ககிட்ட மரியாதையில்லாம பேசிட்டேன். மன்னிச்சுடுங்க. ஒன்பதாவது வரியில ஒரு அடைப்புக்குறி விட்டுப்போச்சு. அவ்வளவுதான் தப்பு."

பதில் வந்துச்சு: "நமக்கு இது வராதுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேனே தம்பி..."

ரெண்டு மாச உழைப்புங்க! அவருக்குச் சோறு இறங்கல. "நான் கூட இருக்கேன், திரும்ப எழுதுவோம்மா"ன்னாரு. பத்து நாள்ல எழுதினாங்க. ஓடுது. குழுவுல மட்டும் இன்னும் சண்டை ஓயல...

சிரிக்கிறீங்க. நம்ம என்ன பண்றோம்? வீட்டுல ஒருத்தரை நோகடிச்சுட்டு, குடும்ப வாட்ஸ்அப்புல எல்லாருக்கும் பொதுவா ஒரு கும்பிடு போடறோம். நொந்தது யாரு? அவங்க ஒருத்தர்கிட்ட பேசுங்க. 'இருந்தால்'னு இழுக்காதீங்க. தப்புன்னு சொல்லுங்க, கெடுத்ததைக் கூட நின்னு சரிபண்ணுங்க. யார் முகமாவது இப்ப ஞாபகத்துக்கு வருதா? எழுந்து வெளிய போய்ப் போன் போடுங்க... பாதிப் பேச்சுல போனீங்கன்னு நான் கோவிச்சுக்க மாட்டேன்!